கிரிக்கெட் பந்தயமும் பொதுஜன பாத்தியதையும்

இந்திய அணி ஆடும் கிரிக்கெட் பந்தயத்தை இணையத்தின் மூலம் தடங்கலின்றிப் பார்ப்பதற்கு நம்பத்தக்க வழி எது என்று நமது ஜனங்கள் அடிக்கடி புதிதாய் விசாரிக்க வேண்டியிருக்கிறது. இஃது அற்ப விஷயம் என்று சிலர் நகைக்கக்கூடும். நாம் அவ்விதம் கருதவில்லை. தேசத்தின் பெயரால் ஆடும் அணியைப் பார்ப்பதற்குத் தேசத்தாருக்கு என்ன பாத்தியதை உண்டு என்பதே இதில் அடங்கியுள்ள கேள்வி.

2024-ஆம் வருஷத்தை எடுத்துக்கொள்வோம். ஜூன் மாதத்து இருபது ஓவர் உலகக் கோப்பைப் பந்தயங்களை இணையத்தில் காட்டியது டிஸ்னி பிளஸ் ஹாட்ஸ்டார். ஜூலையில் நம்மவர் ஜிம்பாப்வேக்கும், பின்னர் இலங்கைக்கும் சென்றபோது காட்டியது ஸோனி லிவ். செப்டம்பரில் வங்கதேச அணி சென்னைக்கு வந்தபோது காட்டியது ஜியோசினிமா. நான்கு மாதங்களுக்குள் ஒரே அணியைப் பார்க்க மூன்று வாசல்கள்! 2025 பிப்ரவரியில் இவற்றுள் இரண்டு ஒன்றாகி ஜியோஹாட்ஸ்டார் ஆயின. வாசல்கள் குறைவது சௌகரியமே. ஆயினும் காவலன் ஒருவனே என்றாகிவிட்டால், அவன் கேட்கும் கூலியைக் கொடுப்பதன்றி வேறு மார்க்கம் இராது.

வழி தெரியாமல் திகைப்போருக்காகக் கள்ளத் தளங்கள் காத்திருக்கின்றன. அவை ஒளிபரப்பு உரிமை பெறாதவை. சூதாட்ட விளம்பரங்களைத் திணிப்பவை. செல்போனில் தீய நிரல்களைப் புகுத்தக்கூடியவை. ஆட்டம் உச்சத்தை எட்டும் சமயத்தில் மறைந்துபோகிறவை. நமது வாசகர்கள் அவற்றின் பக்கம் தலை வைக்கலாகாது. ஆனால் ஜனங்களைக் கண்டிப்பதோடு சர்க்காரின் கடமை தீர்ந்துவிடாது. நேர்வழி குறுகலாயிருக்கும் வரையில் குறுக்குவழிக்கு ஆள் குறையாது.

சட்டம் என்ன சொல்கிறது? ஒலி, ஒளி அலைகள் பொதுச் சொத்து என்று 1995-ஆம் வருஷத்தில், வங்காளக் கிரிக்கெட் சங்கத்தின் வழக்கில், சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. 2007-ஆம் வருஷத்துச் சட்டமோ, தேசிய முக்கியத்துவம் வாய்ந்த பந்தயங்களைக் கேபிளிலோ டி.டி.எச். மூலமாகவோ நேரடியாய்க் காட்டுவோர் அந்த ஒளிபரப்பைப் பிரசார் பாரதியுடன் பகிர வேண்டும் என்று விதித்தது. இந்திய ஆடவர் அணியின் ஒருநாள், இருபது ஓவர் பந்தயங்கள் இவ்வகையில் சேர்க்கப்பட்டன. மாதச் சந்தா இல்லாத டி.டி. ஃப்ரீ டிஷ் வைத்திருக்கும் ஏழைக்கு இச்சட்டம் பெரிய உபகாரம்.

ஆனால் இணையத்துக்கு இக்கடமை விதிக்கப்படவில்லை. பிரசார் பாரதி தான் பெறும் ஒளிபரப்பைத் தன் தரைவழி நிலையங்களிலும் தன் டி.டி.எச். சேவையிலும் மட்டுமே காட்டலாம் என்று 2017-இல் சுப்ரீம் கோர்ட் தெளிவாக்கிவிட்டது. 2023 நவம்பர் 19-ஆம் தேதி உலகக் கோப்பை இறுதிப் பந்தயத்தை ஒரே இணையச் சேவையில் ஒரே சமயத்தில் கண்டவர்கள் 5.9 கோடிப் பேர். ஜனங்கள் செல்போனுக்கு வந்து சேர்ந்துவிட்டார்கள். சட்டம் இன்னும் கூரைமேல் ஆண்டெனாவைப் பற்றிக்கொண்டு நிற்கிறது.

பெரும் பொருள் கொடுத்து உரிமை வாங்கியவர்களுக்கு இஃது அநீதியன்றோ என்று கேட்கப்படலாம். ஐ.பி.எல். பந்தயங்களுக்கு மட்டும் 2023 முதல் 2027 வரையிலான இந்திய உபகண்டத்து இணைய உரிமை 20,500 கோடி ரூபாய்க்கு விலைபோயிற்று. அதை நாம் தொடவில்லை. அது முதலாளிகளின் அணிகள் ஆடும் ஆட்டம். தேசிய அணியின் பந்தயங்களையே நாம் கேட்கிறோம். அவற்றிலும் விளம்பர வருமானத்தில் குறைந்தது 75 சதவீதம் உரிமையாளருக்கும், எஞ்சியது பிரசார் பாரதிக்கும் என்று 2007-ஆம் வருஷத்துச் சட்டமே டெலிவிஷனுக்கு வகுத்திருக்கிறது. அதே நியாயம் இணையத்துக்கும் பொருந்தும்.

2024 நவம்பரில் பிரசார் பாரதி 'வேவ்ஸ்' என்ற தன் சொந்த இணையச் சேவையைத் தொடங்கிற்று. பாத்திரம் இருக்கிறது, அதில் சோறு இடச் சட்டம் இடந்தரவில்லை. பாராளுமன்றம் 2007-ஆம் வருஷத்துச் சட்டத்தில் இணையத்தையும் சேர்க்க வேண்டும். கோடிக்கணக்கானோர் ஒரே சமயத்தில் பார்த்தாலும் தளராத வசதியைப் பிரசார் பாரதியும் செய்துகொள்ள வேண்டும். நடுவே அறுந்துபோகும் இலவசத்தால் எவருக்கும் பயன் இல்லை. வாசகர்கள் தத்தம் தொகுதிப் பிரதிநிதிகளிடம் இதை வற்புறுத்துவார்களாக. கேளாத உரிமை கிடைத்த சரித்திரம் இல்லை.