ஐ.சி.எல்லுக்குப் பூட்டு போட்டது யார்?

காரியவட்டம் கிரீன்ஃபீல்டு ஸ்டேடியத்தில் 2024-லிருந்து கேரளா கிரிக்கெட் லீக் நடக்கிறது. ஆறு அணி, ஆறு பெயர். ஆனால் கோழிக்கோட்டுக்காரனும் கொச்சிக்காரனும் திருவனந்தபுரத்துக்கு வந்துதான் மோதிக்கொள்ள வேண்டும். யாரும் குறை சொல்வதில்லை, நன்றாகவே ஓடுகிறது.

2007 கடைசியில் இதே மாதிரி ஆறு அணி, ஆறு ஊர்ப் பெயர், ஒரே மைதானம் என்று இன்னொரு லீக் ஆரம்பித்தது. ஐ.சி.எல்., அதாவது இந்தியன் கிரிக்கெட் லீக். ஜீ டிவி சுபாஷ் சந்திராவின் பணம், கபில்தேவ் தலைமை, ஹரியானா பஞ்ச்குலாவில் ஆட்டம். முதல் கோப்பையே நம்ம சென்னை சூப்பர்ஸ்டார்ஸுக்குத்தான். ஸ்டூவர்ட் லா கேப்டன். ஹேமங் பதானி, சதீஷ் எல்லாம் ஆடினார்கள். இரண்டு வருஷத்தில் கடை காலி.

இன்றைக்கும் அந்தப் பேச்சு வந்தால் நம்மாளுங்க ஒரே வரியில் தீர்ப்பு சொல்லிவிடுகிறார்கள். "சரக்கு சரியில்லை சார், ஜனங்க பார்க்கலை, மார்க்கெட் முடிவு பண்ணிடுச்சு."

இந்த 'மார்க்கெட்'டைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. பி.காம். படித்துவிட்டு இத்தனை வருஷமாக வங்கியில் குப்பை கொட்டுகிறேன். மார்க்கெட் என்றால் என்ன என்று கொஞ்சமாவது தெரியும்.

ஒரு கற்பனை. புதிதாக ஒரு வங்கி வருகிறது, டெபாசிட்டுக்கு இரண்டு சதவீதம் கூடுதல் வட்டி தருகிறது. உடனே பெரிய வங்கி ஒன்று போர்டு மாட்டுகிறது: "அங்கே கணக்கு தொடங்குகிறவருக்கு இங்கே ஆயுசுக்கும் லோன் கிடையாது. அவர்களுக்குக் கட்டடம் வாடகைக்கு விடுகிறவரும் எங்களுக்கு எதிரி." புது வங்கி மூடப்பட்டால் 'வாடிக்கையாளர் விரும்பவில்லை' என்று எழுதுவோமா? ரிசர்வ் வங்கி சும்மா விடுமா?

கிரிக்கெட்டில் ரிசர்வ் வங்கியும் பெரிய வங்கியும் ஒரே ஆள். விஷயமே இவ்வளவுதான். யார் அங்கீகரிக்கப்பட்ட ஆட்டக்காரன் என்று முத்திரை குத்துவதும் வாரியம், லீக் நடத்திச் சம்பாதிப்பதும் வாரியம். எங்கள் தொழிலிலும் இந்தக் கோணல் இருந்தது. ஸ்டேட் வங்கியின் கிட்டத்தட்ட 60 சதவீதப் பங்கு ரிசர்வ் வங்கி கையில் இருந்தது. கண்காணிக்கிறவனே கடை வைத்திருப்பது சரியில்லை என்று அதை மத்திய அரசு வாங்கிக்கொண்டது 2007 ஜூனில். அதே வருஷம் செப்டம்பரில் வாரியம் ஐ.பி.எல்லை அறிவித்தது. வங்கியில் நிமிர்த்திய கோணல் கிரிக்கெட்டில் கம்பெனியாகவே ஆகிவிட்டது.

அடுத்து பூட்டுகள். ஐ.சி.எல்லில் கையெழுத்துப் போட்டவனுக்கு ரஞ்சி கிடையாது, இந்திய அணி கிடையாது. 1983 கோப்பையைத் தூக்கிய கபிலையே தேசிய கிரிக்கெட் அகாடமி தலைவர் பதவியிலிருந்து நீக்கினார்கள். வாரியத்தோடு அவர் சமாதானமானது 2012-இல்தான். பெரிய மைதானங்கள் மாநிலச் சங்கங்களின் கையில், சங்கங்கள் வாரியத்தின் கையில். சென்னை பெயரை வைத்து ஆடிய அணி சேப்பாக்கத்தில் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. (ரயில்வே மைதானங்களைத் தருகிறேன் என்று முன்வந்தவர் லாலு பிரசாத்! அந்த வகையில் மனுஷன் பரவாயில்லை.)

இந்தப் பக்கம் 2008 ஜனவரி ஏலத்தில் 91 மில்லியன் டாலருக்குச் சென்னை அணியை வாங்கியது இந்தியா சிமெண்ட்ஸ். அதை நடத்திய சீனிவாசன்தான் அப்போது வாரியத்தின் பொருளாளர். நிர்வாகிகள் வாரியத்தின் போட்டிகளில் வியாபாரத் தொடர்பு வைத்துக்கொள்ளக் கூடாது என்று விதி இருந்தது. பிரச்னையே இல்லை, 2008 செப்டம்பரில் ஐ.பி.எல்லுக்கு மட்டும் விலக்கு என்று விதியைத் திருத்திவிட்டார்கள். அந்தத் திருத்தம் செல்லாது என்று உச்சநீதிமன்றம் சொல்வதற்குள் 2015 வந்துவிட்டது.

நான் மிகைப்படுத்துகிறேன் என்று நினைப்பவர்களுக்காக: போட்டியாக இன்னொரு உள்நாட்டு டி20 லீக்கை நடத்தவோ அங்கீகரிக்கவோ மாட்டோம் என்று ஒளிபரப்பு ஒப்பந்தத்திலேயே வாரியம் எழுதிக் கொடுத்திருந்தது. இந்தியப் போட்டி ஆணையம் இதை ஆதிக்க துஷ்பிரயோகம் என்று சொல்லி 2013-இல் 52.24 கோடி ரூபாய் அபராதம் போட்டது. மேல்முறையீட்டில் 2015-இல் அது ரத்தானது. மறுபடி விசாரித்து 2017-இல் அதே தொகையை மறுபடி போட்டது. 2023-27 ஐ.பி.எல். ஒளிபரப்பு உரிமை போன விலை 48,390 கோடி. ஆயிரத்தில் ஒரு பங்கு! எங்கள் கிளையில் மினிமம் பேலன்ஸ் இல்லாதவருக்குக்கூட இதைவிட வலிக்கிற மாதிரி பிடிப்போம் :-)

அமெரிக்காவில் இன்னும் கூத்து. என்.எஃப்.எல்லுக்குப் போட்டியாக வந்த யு.எஸ்.எஃப்.எல். வழக்குப் போட்டு 1986-இல் ஜெயித்தது. நஷ்டஈடு ஒரு டாலர், சட்டப்படி மூன்று மடங்காக்கி மூன்று டாலர்.

ஐ.சி.எல். நடத்தியவர்கள் மகாத்மாக்கள் என்று சொல்ல வரவில்லை. ஒளிபரப்பு உரிமை கிடைக்காத கோபத்தில் ஆரம்பித்த கடை அது. எல்லா அணிக்கும் ஒரே முதலாளி, ஊர்க்காரன் யாருக்கும் பங்கு இல்லை. கடைசியில் சம்பள பாக்கிப் புகார்கள் வேறு. ஆனால் கெர்ரி பேக்கரும் 1977-இல் ஆஸ்திரேலியாவில் இதே கோபத்தில்தான் ஆரம்பித்தார். வீரர்களைத் தடை செய்தது செல்லாது என்று லண்டன் நீதிமன்றம் சொன்னது, பெரிய நட்சத்திரங்கள் அவர் பக்கம் இருந்தார்கள். 1979-இல் வாரியம் இறங்கி வந்து அவர் சேனலுக்கே உரிமையைக் கொடுத்தது, அவரும் லீக்கை மூடிவிட்டார். அவரே தனி லீக்காக நிலைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

சரி, புதுசு ஜெயித்த கதையே இல்லையா? இருக்கிறது. 2014-இல் வந்த ஐ.எஸ்.எல்., பழைய ஐ-லீக்கைத் தள்ளிவிட்டு 2019-இல் இந்தியக் கால்பந்தின் முதல் லீக் ஆனது. காரணம், சம்மேளனமே 2010-இல் 15 வருஷத்துக்கு 700 கோடிக்கு வியாபார உரிமையை ரிலையன்ஸ் கூட்டணிக்கு எழுதிக் கொடுத்திருந்தது. சாவி வைத்திருந்தவன் புதுசு பக்கம் போனான், பழசு தோற்றது.

இதில் அடிபட்டது சுபாஷ் சந்திரா இல்லை. அம்பட்டி ராயுடுவைப் பாருங்கள். 2004 ஜூனியர் உலகக் கோப்பையில் இந்திய கேப்டன். 22 வயதில் ஐ.சி.எல். போனார். 2009-இல் வாரியம் 'பொது மன்னிப்பு' கொடுத்தது. மன்னிப்பாம்! சம்பளத்துக்கு கிரிக்கெட் ஆடியதற்கு! இந்தியாவுக்காக முதல் ஒருநாள் ஆட்டம் ஆடும்போது 2013, வயது 27. அவராவது திரும்பி வந்தார். பெயர் தெரியாத ரஞ்சிப் பையன்கள் எத்தனை பேருடைய நல்ல வயது அதில் கரைந்தது?

இங்கே சனி ஞாயிறு காலையில் கிட் பேக்கோடு பிள்ளைகளை கிரவுண்டில் இறக்கிவிடும் தமிழ் அப்பா அம்மாக்கள் நிறைய. சொந்த வீடு நாகர்கோவிலில், பையனின் பதிவு கேரளாவில். நமக்கு டிரான்ஸ்பர் ஆர்டர் வந்தால் மூன்று நாளில் பெட்டி கட்டுவோம். மாநிலத்துக்கு ஆடுகிற பையன் மாற வேண்டுமென்றால் சங்கம் என்.ஓ.சி. தர வேண்டும். கொடுக்காவிட்டால் போய் நிற்க இரண்டாவது கதவு கிடையாது. இருந்த ஒன்றைத்தான் 2009-இல் மூடினார்கள், நாமும் கைதட்டினோம்.

முத்திரை குத்துகிற வேலை ஒரு அமைப்புக்கு, லீக் நடத்துகிற வேலை வேறு கம்பெனிக்கு என்று பிரித்து வைக்கட்டும். அதற்கப்புறம் எந்த லீக் வேண்டுமானாலும் படுக்கட்டும், மார்க்கெட் என்று நானே சொல்கிறேன்.

டிஸ்கி: சி.எஸ்.கே. ஆட்டம் இருக்கிற ராத்திரி எனக்கு போன் போடாதீர்கள், எடுக்க மாட்டேன். அது வேறு, இது வேறு.