ஜூன் மாதத்தில் ஒரு செப்டம்பர்

ஐம்பத்திரண்டு வயது மனிதர் ஒருவர் கண்ணுக்கு மை தீட்டிக்கொண்டு, கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு, அரங்கம் நிறைந்த கூட்டத்தைக் கையைத் தூக்கச் சொல்லி அதட்டுகிறார். கூட்டமும் தூக்குகிறது. நானும்தான். 2024 ஜூன் 29, லண்டன் வெம்பிளி அரங்கம். பாடுபவர் பில்லி ஜோ ஆம்ஸ்ட்ராங். குழுவின் பெயர் க்ரீன் டே.

தொண்ணூறுகளில் உங்கள் வீட்டில் பதின்ம வயதில் யாராவது இருந்திருந்தால் இந்தப் பெயர் காதில் விழுந்திருக்கும். எங்கள் வீட்டில் அண்ணன் இருந்தார். 1994இல் வந்த 'டூக்கி' கேசட்டைப் பாசார் மாலாமில் வாங்கி வந்து, அப்பா வேலைக்குப் போனதும் சத்தமாக வைப்பார். அம்மா அதற்கு வைத்த பெயர் 'இரும்புக் கடை'. பாப்-பங்க் இசைக்கு இதைவிடப் பொருத்தமான பெயரை நான் இதுவரை கேட்டதில்லை. ஆனால், அந்த இரும்புக் கடைக்குள் நல்ல மெட்டு ஒன்று ஒளிந்திருக்கும். இரண்டு நாள் கழித்து அம்மாவே சமையல் கட்டில் அதை முணுமுணுப்பார்.

அண்ணன் இறந்து ஆறு வருடம் ஆகிறது. அவர் மகன் லண்டனில் படிக்கிறான். நான் போவதற்கு முன்பே போன் செய்தான்.

"அத்தை, நீங்க வர்ற வாரம் க்ரீன் டே வருது. டிக்கெட் எடுத்திடவா?"

"எவ்வளவுடா?"

"ரிங்கிட்ல மாத்திப் பார்க்காதீங்க. அவ்வளவுதான்."

வெம்பிளி பக்கத்து ஈலிங் ரோட்டில் இலங்கைத் தமிழர் கடைகள் வரிசையாக இருக்கின்றன. அங்கே தோசை சாப்பிட்டுவிட்டு பங்க் கச்சேரிக்கு நடந்து போனோம்.

'டூக்கி' வந்து 30 வருடம், 'அமெரிக்கன் இடியட்' வந்து 20 வருடம். அதனால் இரண்டு தொகுப்புகளையும் முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை வாசித்தார்கள். வெளிச்சம் இருக்கும்போதே 'டூக்கி'. சுற்றிலும் வழுக்கைத் தலைகள், மூட்டுவலிக்காரர்கள். காதுக்கு மூடி மாட்டிய பிள்ளைகளைத் தோளில் தூக்கிய அப்பாக்கள். அத்தனை பேரும் குதித்தார்கள்.

இந்தக் குழு வளர்ந்தது கலிபோர்னியாவின் பெர்க்லி நகரில், 924 கில்மன் தெரு என்ற மன்றத்தில். தொண்டர்கள் நடத்தும் இடம். பெரிய நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்ட குழுவுக்கு அங்கே மேடை கிடையாது. க்ரீன் டே ஒப்பந்தம் போட்டது, கதவு மூடியது. பல வருடம் கழித்து 2015இல்தான் மீண்டும் அங்கே வாசித்தார்கள். விலைபோய்விட்டார்கள் என்று அன்று திட்டியவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. கில்மன் தெருவோடு நின்றிருந்தால் அந்தக் கேசட் எங்கள் ஊர் பாசார் மாலாமுக்கு எப்படி வந்திருக்கும்?

இருட்டிய பிறகுதான் செப்டம்பர் பாட்டு வந்தது. 'அமெரிக்கன் இடியட்' தொகுப்பில் அது பதினோராவது பாட்டு. பில்லி ஜோவின் அப்பா லாரி ஓட்டியவர், ஜாஸ் இசையும் வாசித்தவர். 1982 செப்டம்பரில் புற்றுநோயால் இறந்தார். மகனுக்கு அப்போது பத்து வயது. அதைப் பாட்டாக்கி வெளியிட அவருக்கு இருபத்திரண்டு வருடம் ஆகியிருக்கிறது. வெளியிட்ட பிறகும் இருபது வருடமாக, ஊர் ஊராகப் போய் அதையே பாடிக்கொண்டிருக்கிறார்.

அதுவரை குதித்துக்கொண்டிருந்த பையன் அசையாமல் நின்றான். எல்லாரும் போனைத் தூக்கி விளக்கடித்தார்கள். இவன் கை சட்டைப் பைக்குள்ளேயே இருந்தது. நான் அவன் பக்கம் திரும்பவில்லை. திரும்பினால் இரண்டு பேருமே தாங்க மாட்டோம் என்று தெரியும்.

வெம்பிளி பார்க் ரயில் நிலையத்துக்குக் கூட்டம் அங்குலம் அங்குலமாக நகர்ந்தது. ரொம்ப நேரம் கழித்துக் கேட்டான்.

"அப்பா கூடவே பாடுவாரா அத்தை?"

"பாடுவார். சுருதி சேரவே சேராது."

சிரித்தான். எனக்கும் சிரிப்பு வந்தது.

"அந்தக் கேசட் இருக்கா?"

"பாட்டி வீட்டு அலமாரியில இருக்கு. போட்டுக் கேட்கத்தான் பெட்டி இல்ல."

"பெட்டி நான் தேடுறேன்" என்றான். படிகளில் ஏறுவதற்குள் போனில் தேட ஆரம்பித்துவிட்டான்.