ஏரிக்கரையில் ஒரு நினைவுப் பலகை

இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக நான் தலைப்புச் செய்திகளில் எழுதிவந்த ஊர் ஜெனீவா. 'ஜெனீவாவில் இன்று', 'ஜெனீவா கைவிட்டதா?' என எத்தனை தலைப்புகள்! ஆயினும் அது மனிதர்கள் வாழும் ஓர் ஏரிக்கரை நகரம் என்பதை, 2023 செப்ரெம்பரில் ஒருநாள் முழுவதும் அங்கு சைக்கிளில் சுற்றியபோதுதான் உணர்ந்தேன்.

காலையில் கோர்னவான் புகையிரத நிலையத்தருகே வண்டியொன்றை வாடகைக்கு எடுத்தேன். பொருளாதாரத் தடை நிலவிய 1990களில், யாழ்ப்பாணத்தில் செய்தி சேகரிக்க எனக்கிருந்த ஒரே வாகனம் சைக்கிள்தான். பெற்றோல் இல்லை, மின்சாரம் இல்லை. நிறுத்திவைத்த சைக்கிளின் பெடலைக் கையால் சுற்றி, டைனமோவின் துணையோடு வானொலி கேட்டோம். அன்று தடை எம்மீது சுமத்திய வாகனத்திற்கு இந்தச் செல்வந்த நகரம் விரும்பித் தனிப்பாதை அமைத்திருக்கிறது.

ஏரியிலிருந்து றோன் நதி புறப்படும் இடத்தில் ரூசோவின் பெயர் தாங்கிய சிறு தீவு இருக்கிறது. 1762இல் அவரது நூல்களை எரித்த அதே ஜெனீவா, பின்னர் அவருக்கு அங்கே சிலை வைத்தது. நகரங்களுக்கும் காலந்தாழ்த்தியே புத்தி வருகிறது போலும்.

ஏரியின் நடுவே 140 மீற்றர் உயரத்திற்கு நீரூற்று எழுந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்தவாறே மோன் பிளாங் கரைவீதியில் சென்றபோது ஒரு நினைவுப் பலகை கண்ணிற் பட்டது. 1898 செப்ரெம்பர் 10 அன்று, கப்பலேறச் சென்ற ஒஸ்திரியப் பேரரசி எலிசபெத் அவ்விடத்திலேயே கூர்மையான அரத்தினால் குத்தப்பட்டார். அவர் இந்நகரத்தவர் அல்லர். எனினும் விழுந்த இடம் குறிக்கப்பட்டிருக்கிறது.

அங்கிருந்து ஏரியோரப் பூங்காக்களைக் கடந்து மேடேறினால் ஐ.நா. முன்றல் வருகிறது. ஒரு கால் பிளந்த, 12 மீற்றர் உயரமான மர நாற்காலி அங்கே நிற்கிறது. கண்ணிவெடிகளால் ஊனமுற்றோரை உலகம் மறவாதிருக்க 1997இல் நிறுவப்பட்டது அது. 2009 பெப்ரவரி 12 அன்று, வன்னியில் மக்கள் மடிந்துகொண்டிருக்கையில், இலண்டனிலிருந்து வந்த இளைஞன் முருகதாசன் ஐ.நா. வளாகத்தின் முன் தீயில் மாண்டான். அதைப் போற்றி எழுத என் பேனா எழாது; அவன் வாழ்ந்திருக்க வேண்டியவன். ஆனால் அவனைச் சொல்லும் பலகை எதுவும் என் கண்ணிற் படவில்லை.

ஜெனீவாவைப் பழிப்பதற்காக இதை நான் எழுதவில்லை. 2015இல் இலங்கையும் இணை அனுசரணை வழங்கிய தீர்மானத்திலிருந்து 2020இல் அதே நாடு விலகிக்கொண்டது. 2021இல் சாட்சியங்களைத் திரட்டும் பொறிமுறை ஒன்று உருவானது. இவை தேவையானவையே. ஆனால் எமது வேலையையும் சேர்த்து ஜெனீவாவிடம் ஒப்படைத்துவிட்டோமோ என்பதே என் கேள்வி.

2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சியில் போராடத் தொடங்கிய தாய்மாரில் பலர் விடை அறியாமலே மறைந்துவிட்டனர். ஒவ்வொருவரோடும் ஒரு சாட்சியமும் மண்ணுக்குள் போகிறது. யார், எப்போது, எங்கே என்று ஊர்தோறும் எழுதிவைக்க எந்தத் தீர்மானமும் வேண்டியதில்லை. ஒரு கொப்பியும், பொறுமையாகக் கேட்கும் ஒரு செவியும் போதும். 2021 ஜனவரியில் யாழ். பல்கலைக்கழகத்து நினைவுத்தூபியை ஓரிரவில் இடித்தார்கள். பல வீடுகளில் எழுதிவைக்கப்பட்ட பெயர்களை அவ்வாறு இடிக்க முடியாது.

மாலையில் வண்டியைத் திருப்பிக் கொடுத்தேன். என்னிடமும் பழைய குறிப்பேடுகள் இருக்கின்றன. யாழ்ப்பாணத்துத் தெருக்களில் சைக்கிளோடி எழுதியவை. அச்சேறாத பெயர்கள் அவற்றில் நிறையவே உண்டு. ஊர் திரும்பியதும் அவற்றைப் பிரதியெடுக்கத் தொடங்கினேன். நீங்களும் தொடங்குங்கள்.