உறுதியிற் பெயர் மாறினாற் சோசலிசமா?

அரசுத்துறை வளர்ந்தாற் சோசலிசம், தனியார்துறை வளர்ந்தால் முதலாளித்துவம் எனக் கலப்புப் பொருளாதாரத்தைத் தராசிலிட்டு நிறுப்போர் நம்மிடையே பலர். இக்கணக்குப் பிழையானது. காணி உறுதியில் எவர் பெயர் உள்ளது என்பதை மட்டும் பார்த்து ஓர் அமைப்பின் தன்மையை அறிய இயலாது. உற்பத்தி பற்றிய தீர்மானத்தை எடுப்பவர் யார்? உழைப்பின் உபரி எவரைச் சென்றடைகின்றது? இவ்விரு வினாக்களுக்கும் கிடைக்கும் விடைகளே முதலாளித்துவத்தையும் சோசலிசத்தையும் வேறுபடுத்துவன.

மலையகத்தை நோக்குவோம். 1972ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டம் தனியார் காணிக்கு 50 ஏக்கர், நெற்காணிக்கு 25 ஏக்கர் என உச்சவரம்பு விதித்தது. 1975இற் கம்பனித் தோட்டங்களும் அரசுடைமையாயின. ஆங்கிலக் கம்பனிகள் அகன்றன. துரையின் ஆசனத்தில் அரசின் அலுவலர் அமர்ந்தார். லயன் அறைகளோ எஞ்சின. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்டவர்களுள் எண்ணற்றோர், தாம் கொழுந்து பறித்த மலைகள் மக்களுடைமையானபோதும் அம்மக்களுள் ஒருவராக எண்ணப்படவில்லை. 1992இல் முகாமை தனியார் கம்பனிகளுக்குக் கையளிக்கப்பட்டது. அரசுக்குரிய காணி அரசினதாகவே இருந்தது. முகாமை கைமாறியும் தோட்டத் தொழிலாளி கூலியாளாகவே நின்றார்.

அரசு பெற்ற வருவாய் பொதுநலனுக்குப் பயன்படவில்லையா என வினவலாம். பயன்பட்டது. 1945இல் வந்த இலவசக் கல்வி வேரூன்றிய காலத்தில், தேயிலை முதலிய ஏற்றுமதிகள்மீதான வரி அரசிறையில் முக்கிய இடம் வகித்தது. நாம் பல்கலைக்கழக வாயிலை மிதிப்பதற்கு அவ்வுழைப்பும் காரணம். ஆயின், தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியது 1970களிலேதான். உபரியை ஈந்தவரின் பிள்ளையே பந்தியிற் கடைசியாக அமர்த்தப்பட்டது.

இனி நமது பிரதேசத்துக்கு வருவோம். நாவற்குடாவிலிருந்து வாவியைக் கடந்தாற் படுவான்கரை வயல்கள். அங்கு தனியார் காணிகள் பல. எனினும், பிலிப் குணவர்தன கொணர்ந்த 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம், காணிச் சொந்தக்காரர் நினைத்தபோதெல்லாம் குத்தகைக் கமக்காரரை வெளியேற்றும் உரிமையைக் கட்டுப்படுத்த முனைந்தது. பயிர்ச்செய்கைக் குழுக்களையும் அமைத்தது. 1971இற் சட்டமான நெல் சந்தைப்படுத்தும் சபை உத்தரவாத விலையில் நெல்லை வாங்கியது. சட்டத்தின் ஓட்டைகளால் நாட்டிற் குத்தகையாளர் பலர் வெளியேற்றப்பட்டது உண்மையே. ஆயினும், போடியாரின் உறுதியைத் தொடாமலே அவரது அதிகாரத்தைத் தொட்ட முயற்சி அது. அரசுடைமையான தேயிலை மலையிலும் பார்க்க, தனியுடைமையான இவ்வயலிலேயே சோசலிசத்தின் சாயல் கூடுதலாக இருந்தது என்பேன்.

1977இற் பொருளாதாரத்தைத் திறந்துவிட்ட ஆட்சியே, 1978இன் அரசியல் யாப்பில் நாட்டுக்குச் சனநாயக சோசலிசக் குடியரசு எனப் பெயர் சூட்டியது. பெயர்ப்பலகை எழுதுவதற்குச் செலவு குறைவு!

அரசுக் கூட்டுத்தாபனங்களின் நட்டத்தைக் காட்டிச் சோசலிசம் தோற்றது என்போருக்கும், கூட்டுத்தாபனம் இருப்பதாலேயே சோசலிசம் வாழ்கின்றது என்போருக்கும் நமது விடை ஒன்றே. தோட்ட முகாமையிற் தொழிலாளியின் குரல் ஒலிக்கட்டும். அவர் வாழும் மண்ணில் அவருக்கு உரிமை கிட்டட்டும். அறுவடை நாளிற் சபையின் களஞ்சியம் திறந்திருக்கட்டும். அது மூடியிருந்தால் நெல்லின் விலையைச் சொல்பவர் ஆலை முதலாளியே. இவை நிறைவேறும் வரை, உறுதியில் எவர் பெயர் இருப்பினும் அது முதலாளித்துவமே.