உப்பு விற்கப் போனால்...

அக்காவிடமிருந்து போன். வழக்கமாக முழங்கால் வலியில் ஆரம்பித்து, பக்கத்து வீட்டு நாய் வரை வந்து, கடைசியில்தான் விஷயத்துக்கு வருவாள். அன்றைக்கு எடுத்த எடுப்பிலேயே, "உன் மருமான் வேலைக்குப் போக மாட்டானாம்டா" என்றாள்.

"பின்னே?"

"டீக்கடை வைக்கப் போறானாம்."

விசாரித்ததில் டீக்கடை இல்லை, கஃபே. பையன் இன்ஜினீயரிங் முடித்துவிட்டு, கையில் கம்பெனி ஆர்டரோடு, சிநேகிதர்களுடன் கொடைக்கானல் போயிருக்கிறான். ஐந்து நாள். அங்கே ஒரு மலைச் சரிவில் மர பெஞ்சு போட்டுக் காபியும் ஆம்லெட்டும் விற்கிற ஓர் இளைஞரைப் பார்த்திருக்கிறான். பனி, பைன் மரம், மூலையில் ஒரு கிடார். போதாதா? "இதுதான் மாமா எனக்கு விதிச்ச வேலை" என்கிறான்.

"நீதான் புத்தி சொல்லணும். நீயும் இந்த மாதிரி பைத்தியம் பிடிச்சுத் தெளிஞ்சவன்தானே?" என்றாள் அக்கா.

வாஸ்தவம். எனக்குப் பிடித்த பைத்தியத்தின் பெயர் மரக்காணம்.

* * *

1992 ஏப்ரல். பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி கடைசிப் பேப்பரை எழுதிவிட்டு வீட்டுக்கு வந்தால், அப்பா எனக்காக மூன்று வழிகள் தயாராக வைத்திருந்தார். பாங்க் கிளார்க் பரீட்சை, சர்வீஸ் கமிஷன் பரீட்சை, இரண்டும் தேறாவிட்டால் டைப்ரைட்டிங் ஹையர். நாலாவதாக ஒரு வழியும் உண்டு என்றார். அது வாசல் வழி.

நான் நாலாவதைத் தேர்ந்தெடுத்தேன். பாங்க் அப்ளிகேஷனில் கையெழுத்தை மட்டும் போட்டுக் கொடுத்துவிட்டு, "ரெண்டு மாசம் சித்தப்பா வீட்டுலே இருந்துட்டு வரேன்" என்று எழும்பூரில் ரயிலேறித் திண்டிவனத்தில் இறங்கி, பஸ் பிடித்து மரக்காணம் போய்ச் சேர்ந்தேன். விழுப்புரம் மாவட்டம் பிறந்தது 1993-ல். அப்போது அது தென்னாற்காடு. ஈ.சி.ஆர். என்று இப்போது எல்லோரும் காரில் பறக்கிறார்களே, அந்த வழவழப்பெல்லாம் அன்றைக்குக் கிடையாது.

ஊரைத் தாண்டியதும் ஒரே வெள்ளை. 3,000 ஏக்கருக்கு மேல் உப்பளம். கண்ணுக்கெட்டிய தூரம் கட்டம் கட்டமாகப் பாத்திகள், வரப்பு ஓரமெல்லாம் உப்புக் குவியல்கள். சித்தப்பா அதிலே பத்து ஏக்கர் குத்தகைக்கு எடுத்திருந்தார். பிள்ளை கிடையாது.

"கெமிஸ்ட்ரி படிச்சவன் வந்துட்டான், இனிமே நமக்குக் கவலையில்லே" என்று என்னை மேஸ்திரிக்கு அறிமுகப்படுத்தினார். மேஸ்திரி என்னை ஏற இறங்கப் பார்த்தார். முக்கியமாக என் செருப்பை.

மறுநாள் விடியற்காலை நாலரை மணிக்கு எழுப்பினார்கள். வெயில் ஏறுவதற்குள் உப்பை வாரி முடித்தாக வேண்டும். நீளக் கம்பு பொருத்திய மரப்பலகையால் பாத்திக்குள் நின்று உப்பை இழுத்து ஓரம் சேர்க்க வேண்டும். பார்க்க கேரம்போர்டு காய் தள்ளுகிற மாதிரி இருக்கும். பத்தாவது இழுப்பில் தோள், இருபதாவதில் இடுப்பு, அப்புறம் பரம்பரையே வலித்தது. காலில் முந்தின நாள் செருப்புக் கடித்த புண் வேறு. புண்ணில் உப்புத் தண்ணீர் பட்டதும் நான் போட்ட சத்தத்தில் வரப்பில் நின்ற கொக்கு பறந்து போனது. அதே உப்பைக் கூடையில் அள்ளித் தலையில் சுமந்து போன அம்மாக்கள் நின்று சிரித்துவிட்டு நடந்தார்கள். அவர்கள் காலில் இருந்த வெடிப்புகளைப் பார்த்த பிறகு நான் சத்தம் போடவில்லை.

* * *

உப்பு விளைவது அழகான சமாசாரம். கடல் தண்ணீர் சாதாரணமாக 3 டிகிரி பாமே இருக்கும். அதைப் பெரிய பாத்தியில் தேக்கி, ஒவ்வொரு பாத்தியாக மாற்றி மாற்றி வெயிலில் காய வைக்க வேண்டும். முதலில் சுண்ணாம்பு அடியில் படியும். அப்புறம் ஜிப்சம். 25 டிகிரி வந்தால்தான் உப்பு பூக்கும். 30 டிகிரியைத் தாண்ட விட்டால் மக்னீசியம் சேர்ந்து உப்பு கசந்து போகும். அதற்குள் மிச்சத் தண்ணீரை வெளியேற்றிவிட வேண்டும்.

இதையெல்லாம் நான் ஹைட்ரோமீட்டரை மிதக்கவிட்டுக் கண்டுபிடித்தேன். மேஸ்திரி விரலை நனைத்து நாக்கில் வைத்துக் கண்டுபிடித்தார். இரண்டுக்கும் வித்தியாசம் அரை டிகிரிகூட வராது.

"நீங்க மூணு வருசம் படிச்சு எத்தனை டிகிரி வாங்கினீங்க தம்பி?"

"ஒண்ணு."

"தண்ணி மூணு வாரத்துலே இருபத்தஞ்சு வாங்கிடுது பாருங்க."

என் பேச்சு, மூச்சு எல்லாம் உப்பாகிவிட்டது. சாயங்காலங்களில் வாடகை சைக்கிள் எடுத்து ஊர் சுற்றினேன். வடக்கே கடப்பாக்கம் பக்கத்தில், 1760-ல் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து பிடித்து வெள்ளைக்காரன் இடித்துப் போட்ட ஆலம்பரைக் கோட்டைக்குப் போய்ச் செயின் அறுந்து, ராத்திரி முழுக்கத் தள்ளிக்கொண்டே வந்தேன். கட்டுமரத்தில் ஏறி, ஏறிய வேகத்திலேயே இறங்கினேன் (தண்ணீருக்குள்). பனந்தோப்பில் நுங்கு தின்று வயிற்றைக் கெடுத்துக்கொண்டேன். கழுவெளி ஏரிக் கரையில் மல்லாந்து படுத்துப் பறவைகளை எண்ணினேன். அந்த ஏரி 2021-ல் பறவைகள் சரணாலயம் ஆகிவிட்டது. 1992-ல் என்னை மாதிரி அப்பாவுக்குப் பயந்து ஓடி வந்தவர்களுக்கும் அங்கே சரணாலயம்தான்.

சிறுபாணாற்றுப்படையில் வருகிற எயிற்பட்டினம் இந்த ஊர்தான் என்று ஆராய்ச்சிக்காரர்கள் சொல்கிறார்கள். அதே பாட்டில் உப்பு விற்கிற உமணர்கள் வண்டி கட்டிக்கொண்டு போகும்போது, கூடவே ஒரு மந்திக் குரங்கும் போகும். வேலை ஒன்றும் கிடையாது; பிள்ளைகளோடு சேர்ந்து கிலுகிலுப்பை ஆட்டும். அந்தக் கோடையில் நான் வகித்த பதவி ஏறக்குறைய அதுதான். ஆனால், அது எனக்குத் தெரியவில்லை. நான் உமணன் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

மே மாதம் நடுவில் ஒரு ராத்திரி, வாசலில் கயிற்றுக் கட்டிலைப் போட்டுப் படுத்திருக்கையில் சித்தப்பா மெதுவாக ஆரம்பித்தார்.

"உனக்கு இங்கே பிடிச்சிருக்கில்லே?"

"ரொம்ப."

"அப்ப இங்கேயே இருந்துடேன். எனக்கப்புறம் யார் பார்க்கப் போறா? அப்பாகிட்டே நான் பேசறேன்."

எனக்குத் தூக்கம் போச்சு. உப்பு மகாராஜா! பத்து ஏக்கர் நூறு ஏக்கராகி, லாரிகள் ஓடி, என் பெயரில் பாக்கெட் உப்பு... பாக்கெட்டில் என் போட்டோ வேண்டுமா என்பதில் மட்டும்தான் கொஞ்சம் குழப்பம். 

இரண்டு நாள் கழித்து வீட்டிலிருந்து தபால். பிரித்தால் பாங்க் பரீட்சை ஹால் டிக்கெட். ஜூன் மாதம், ஞாயிற்றுக்கிழமை, சென்னை. அதைச் சுருட்டி ஹைட்ரோமீட்டர் டப்பாவுக்குள் போட்டு மூடினேன்.

* * *

உப்பு விற்கப் போனால் மழை பெய்யும், மாவு விற்கப் போனால் காற்றடிக்கும் என்பார்கள். அக்னி நட்சத்திரம் முடிகிற சமயம். ராத்திரி பதினோரு மணிக்கு மேற்கே ஒரு மின்னல். சித்தப்பா கட்டிலிலிருந்து எழுந்த வேகத்தை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை.

நாங்கள் டார்ச்சோடு ஓடுவதற்குள் மேஸ்திரி அங்கே மடையைத் திறந்துகொண்டிருந்தார். தூறல் விழ ஆரம்பித்துவிட்டது. "பாத்தியிலே கால் வைக்காதீங்க தம்பி, கலங்கிடும்! மழைத்தண்ணி லேசு, மேலாலே நிக்கும். மேல் தண்ணியை மட்டும் வழிய விட்டுட்டா அடித்தண்ணியைக் காப்பாத்திடலாம்" என்று கத்தினார். அடர்த்தி! நான் மூன்று வருஷம் படித்து மார்க் வாங்கிய அதே அடர்த்தி. எனக்குத் தோன்றவில்லை. அவருக்குத் தோன்றியது.

அரை மணி நேரம் அந்த வித்தை பலித்தது. அப்புறம் காற்றும் சேர்ந்துகொண்டு மழை கொட்டியது. மேல் தண்ணியாவது, அடித்தண்ணியாவது? வாரத் தயாராக இருந்த இருபது நாள் உப்பு, எங்கள் கண் முன்னால், சர்க்கரை மாதிரி கரைந்தது. மூன்று மணிக்கு மழை நின்றபோது பாத்திகள் சேற்று நிறத்தில் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன. யாரும் பேசவில்லை.

வந்து படுத்து, எத்தனை மூட்டை, என்ன விலை, எவ்வளவு நஷ்டம் என்று கணக்குப் போட்டேன். அழுகை வந்தது. போர்வையை இழுத்து மூடிக்கொண்டேன்.

நாலரை மணிக்கு வாசலில் ஆள் சத்தம். எல்லோரும் வந்திருந்தார்கள். வாருவதற்கு உப்பே இல்லை, எதற்கு வந்தார்கள்? எட்டிப் பார்த்தேன். சித்தப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிளம்புகிறார். மேஸ்திரி மண்வெட்டியைத் தோளில் போட்டபடி ஏதோ சொல்ல, அந்த அம்மாக்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கிறார்கள் ஸார்! உடைந்த வரப்பை அடைத்து, தண்ணீரை வடித்து, மறுபடியும் 3 டிகிரியிலிருந்து ஆரம்பிக்கப் போகிறார்கள்.

நான் எழுந்திருக்கவில்லை. உடம்பு முடியாமல் இல்லை, மனசு வரவில்லை. அந்தப் போர்வைக்குள் எனக்கு ஒரு விஷயம் விளங்கியது. எனக்குப் பிடித்திருந்தது உப்பு இல்லை. கோடை.

* * *

சித்தப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் தவித்தேன். மூன்றாம் நாள் அவரே ஹால் டிக்கெட்டை எடுத்து வந்து நீட்டினார். "டிகிரி பார்க்கலாம்னு டப்பாவைத் திறந்தேன்" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. பஸ்ஸுக்குக் காசு கொடுத்தார்.

என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரை வந்தது, என்னோடு உப்பு வாரிய பையன். என் வயதுதான். ஏழாவதோடு நிறுத்தியவன். ஏதாவது பேச வேண்டுமே என்று, "உனக்கு இந்த வேலை பிடிச்சிருக்கா?" என்று கேட்டுவைத்தேன்.

"இன்னா அண்ணே கேக்கறீங்க? உங்களுக்கு வேணாம்னா திண்டிவனம் பஸ்ஸு இருக்குது. நான் எங்கே போறது?" என்றான். கோபமெல்லாம் இல்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னான். எந்த வேலைக்குப் போவது என்று யாராவது என்னிடம் யோசனை கேட்கும்போதெல்லாம் அந்தச் சிரிப்பு ஞாபகம் வருகிறது. மூன்று வழி வைத்திருக்கிற அப்பா எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

பரீட்சை எழுதினேன். பாங்க் கிளார்க் ஆனேன். சம்பளம் என்ற சொல்லில் சம்பா பாதி, அளம் பாதி என்று எங்கள் தமிழ் வாத்தியார் சொல்வார். அளம் என்றால் உப்பு. என் முதல் கவரைப் பிரித்துப் பார்த்தபோது, சம்பா கொஞ்சம் குறைச்சல்தான்.

சேர்ந்த நாலாம் மாசம், ஒரு ராத்திரி லெட்ஜர் டாலி ஆகவில்லை. 30 பைசா உதைத்தது. கம்ப்யூட்டர் வராத காலம். நானும் சூபர்வைசரும் பேரேடுகளைப் புரட்டிப் புரட்டிப் பதினொன்றரை மணிக்கு, 4-ஐ 7 என்று படித்த இடத்தைப் பிடித்தோம். கடைசி பஸ் போய்விட்டது. நாலு மைல் நடந்தேன். மறுநாள் காலை ஒன்பதே முக்காலுக்கு நாற்காலியில் இருந்தேன். யாரும் என்னை இழுத்து வரவில்லை. 30 பைசாவைப் பிடித்த சந்தோஷம்கூட மிச்சம் இருந்தது. சரி, இதுதான் நம்ம பாத்தி என்று அன்றைக்குத்தான் முடிவு செய்தேன்.

சித்தப்பா காலமான பிறகு அந்த அளத்தைக் குத்தகைக்குப் பார்க்கிறவன், என் பெட்டியைத் தூக்கி வந்த அதே பையன்தான். 2024 நவம்பர் 30-ந் தேதி ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரை கடந்து, மரக்காணம் உப்பளங்கள் எல்லாம் முழுகின. இரண்டு நாள் முயற்சித்து அவனைப் போனில் பிடித்தேன். மழைக்காலத்தில் வேலையில்லாத உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு 5,000 ரூபாய் நிவாரணம் என்று தமிழக அரசு 2022-ல் ஒரு திட்டம் கொண்டுவந்ததே, அது கைக்கு வந்ததா என்று விசாரித்தேன். "அது இருக்கட்டும்ணே. தண்ணி வடியணும். தை பொறந்தா பாத்தி மிதிக்கணும் இல்லே?" என்றவன், "உங்க கணக்கெல்லாம் டாலி ஆவுதா?" என்று கேட்டான்.

* * *

மருமானிடம் இவ்வளவும் சொன்னேன். "கஃபே வைக்காதேன்னு சொல்லலை. நீ பார்த்தது அஞ்சு நாள், அதுவும் சீஸன்லே. ஜூலையிலே மழை பிடிச்சதும் அந்தக் கடையிலேயே ஒரு மாசம் சம்பளம் இல்லாம வேலை பாரு. ஒரு வேலையோட நல்ல நாளைப் பார்த்து முடிவு பண்ணாதே. மோசமான நாளைப் பாரு. அதுக்கு மறுநாள் காலையிலே உன் கால் எந்தப் பக்கம் போவுதுன்னு பாரு" என்றேன். போனான்.

போன வாரம் ராத்திரி அவனிடமிருந்து போன். "மூணு நாளா மழை மாமா. ஒரு கஸ்டமர் கிடையாது. கரண்ட் இல்லே. கூரை ஒழுகுது. நாற்பது முட்டை உடைஞ்சு போச்சு. நான்தான் துடைச்சேன்."

அக்கா முகம் என் கண் முன்னால் மலர்ந்தது. "சரி, கிளம்பி வந்துடு. கம்பெனிக்காரன் இன்னும் டயம் கொடுத்திருக்கானில்லே?" என்றேன்.

"அதெல்லாம் அப்புறம் மாமா. காலையிலே ஆறு மணிக்குக் கடை திறக்கணும். புது முட்டை சொல்லியிருக்கேன். வைக்கட்டுமா?"

வைத்துவிட்டான்.

அக்கா இப்போது என்னோடு பேசுவதில்லை.