துப்பாக்கிக்குத் தாராளம், உறைக்குக் கஞ்சத்தனம்

2011-இல் அமெரிக்காவில் கைத்துப்பாக்கி வைத்திருப்போர் நடுவே ஓர் எச்சரிக்கை வேகமாகப் பரவியது. இடுப்பில் கிளாக் 19 பிஸ்டலைச் செருகியிருந்த ஒருவர் காரில் உட்கார்ந்திருக்கும்போதே அது வெடித்துவிட்டது. காயத்தோடு உயிர் பிழைத்தார். துப்பாக்கியில் எந்தக் கோளாறும் இல்லை. நாள்பட்ட தோலுறையின் வாய் தொய்ந்து, உள்பக்கமாக மடிந்து, விசையைச் சுற்றியுள்ள வளையத்துக்குள் புகுந்திருந்தது. உடம்பு அசைந்தபோது, விரல் செய்யவேண்டிய வேலையை அந்த மடிப்பே செய்துவிட்டது. கிளாக்கில் கட்டைவிரலால் போட்டு எடுக்கும் தனிப் பூட்டு கிடையாது. சுமார் இரண்டரைக் கிலோ அழுத்தம் விசையில் விழுந்தால் போதும்.

தோல் நல்லதா, பிளாஸ்டிக் நல்லதா என்ற பழைய சண்டை உடனே மீண்டும் கிளம்பியது. அது வீண் சண்டை. உறை எதனால் ஆனது என்பதைவிட, எதனால் தேய்கிறது என்பதுதான் கேட்கவேண்டிய கேள்வி. வியர்வை, பெல்ட்டின் இறுக்கம், உடல் சூடு எல்லாம் வெளியிலிருந்து உறையை இளக்குகின்றன. உள்ளிருந்து அதை அரிப்பது துப்பாக்கியேதான், குறிப்பாக அதன் மேல்பாதியான ஸ்லைடு.

ஜான் பிரவுனிங் வடிவமைத்து அமெரிக்க ராணுவம் 1911-இல் ஏற்ற பிஸ்டலைப் பார்த்தால் இது விளங்கும். குறிபார்க்க அதன் ஸ்லைடின் முன்முனையில் நிற்கும் முளையான ஃபோர்சைட் மிகச் சிறியது; விளிம்பு மழுங்கலானது. மூடி வைத்த தோலுறைக்கு அதனால் பெரிய தொந்தரவில்லை. ஆனால் அவசரத்தில் கண்ணுக்குத் தட்டுப்படாத சைட்டால் என்ன பயன் என்று சுடுபவர்கள் கேட்டார்கள். சைட் உயர்ந்தது, கண் கூசாமலிருக்க அதன் பின்முகம் செங்குத்தாக வெட்டப்பட்டது. குறிபார்க்க அது அருமை, தோலுக்கோ எமன். ஒவ்வொரு முறை உருவும்போதும் அந்தக் கூர்விளிம்பு தேங்காய்த் துருவியைப்போலத் தோலைச் சீவிக்கொண்டு வரும். சீவிய துணுக்கு சைட்டிலேயே ஒட்டிக்கொண்டு, குறிப்புள்ளியையும் மறைக்கும். ஸ்லைடை இழுக்கப் பிடி வேண்டும் என்று அதன் முன்பக்கத்திலும் வரிவெட்டுப் போடும் வழக்கம் பின்னர் பரவியது. உறைக்குள் முழுதாகப் புதையும் இடத்தில் ஓர் அரத்தை வைத்ததுதான் மிச்சம். 

இதற்கு விடை நெடுநாளாகவே உண்டு. கலிபோர்னியாவில் போதைப்பொருள் தடுப்பு அதிகாரியாக இருந்த புரூஸ் நெல்சன் வடிவமைத்து, ஐடஹோவின் மில்ட் ஸ்பார்க்ஸ் பட்டறை 1970-களில் பிரபலமாக்கிய 'சம்மர் ஸ்பெஷல்' உறை அதில் ஒன்று. அதன் வாயில் உலோகப் பட்டை வைத்துத் தைத்திருக்கும். துப்பாக்கியை எடுத்தாலும் வாய் மூடாது. ஃபோர்சைட் தோலில் உரசாமல் ஓட உள்ளே தனித் தடம் உண்டு. தோலின் சொரசொரப்பான பக்கம் வெளியே இருக்கும், வழவழப்பான பக்கம் துப்பாக்கியைப் பார்க்கும். இடுப்பில் சுமந்து அல்லல்பட்டவர் வரைந்த உறை என்பது பார்த்தாலே தெரியும்.

தோலின் வகையும் முக்கியம். தாவரச் சாற்றில் பதனிட்ட தோலை நனைத்து அச்சில் அழுத்தினால், காய்ந்தபின் அந்த உருவத்திலேயே விறைத்து நிற்கும். ஆவாரம்பட்டைத் தோலோடு பழகிய திண்டுக்கல், திருச்சிக்காரர்களுக்கு இந்தக் குணத்தைச் சொல்லித் தரவேண்டியதில்லை. பளபளப்புக்காக இளக்கும் எண்ணெயை ஊற்றித் தேய்ப்பவர், அந்த விறைப்பைத் தன் கையாலேயே கெடுக்கிறார். உள்ளே மெத்தென்ற தோல் வைத்துத் தைத்தால் துப்பாக்கிக்கு இதம் என்பதும் பாதி உண்மைதான். அதில் அடையும் தூசி மெல்ல மெல்ல ஸ்லைடின் பூச்சைச் சுரண்டிவிடும்.

பிளாஸ்டிக் உறைகளுக்குப் பயன்படும் கைடெக்ஸ் 1965-இல் வந்தது. முதலில் விமானங்களின் உட்பக்கத்துக்குப் பயன்பட்டது. தொய்வது அதன் பழக்கமில்லை. ஆனால் அதிலும் வார்ப்பவரின் கை பேசும். தேர்ந்த தொழிலாளி, சூடான தகட்டை அழுத்துமுன் சைட்டின் நேர்கோட்டில் ஒரு மெல்லிய குச்சியை ஒட்டித் தடம் விடுவார். காலி ரவை வெளியேறும் பள்ளத்தையும் கட்டை வைத்து நிரப்புவார். இல்லாவிட்டால் தகடு அந்தப் பள்ளத்துக்குள் ஆழமாகப் படிந்து, உருவும்போதெல்லாம் அதன் விளிம்பில் சிக்கும். தேவைக்கு மேல் இறுக்கமாக வார்த்ததை 'கச்சிதம்' என்று விற்பவர்களும் இருக்கிறார்கள். கச்சிதமென்று வாங்கியது சில மாதத்தில் ஆணியடித்த இடத்தில் விரிசல் விடும்.

மறுபக்கமான துப்பாக்கியிலும் வேலை உண்டு. ஸ்லைடின் தேவையற்ற கூர்முனைகளை மழுக்கித்தரும் துப்பாக்கிப் பட்டறைகள் அமெரிக்காவில் ஏராளம். ஃபோர்சைட்டின் பின்முகத்தைச் சரிவாக்கினாலும் தோல் பிழைக்கும். ஆனால் சரிவில் வெளிச்சம் பட்டுக் குறி மினுங்கும் என்பதால், கடமைக்காகச் சுமப்பவர்கள் அதை விரும்புவதில்லை. அவர்கள் செங்குத்துச் சைட்டையே வைத்துக்கொண்டு, தடமுள்ள உறையை வாங்குவதுதான் நியாயம்.

இப்போது இதைப் பேசக் காரணம், அமெரிக்கக் காவல் துறைகள் பலவும் ஸ்லைடின் மேல் குறிபார்க்க உதவும் சிவப்புப் புள்ளிக் கருவியைப் பொருத்தி வருவதுதான். அந்தக் கருவி பழுதானால் உதவட்டும் என்று, வழக்கத்தைவிட உயரமான சைட்டுகளையும் சேர்த்துப் போடுகிறார்கள். பழைய சைட்டுக்கு விட்ட தடத்தில் புதியது ஓடாது. கருவி இடிக்கும் இடத்தை மட்டும் கத்தியால் அறுத்துவிட்டு அதே உறையில் காலம் தள்ளுவது சிக்கனமல்ல, அலட்சியம். தோலில் அப்படி அறுத்தால் முதலில் தளர்வது வாய்தான்.

சைட்டுக்கும் கருவிக்கும் பணம் ஒதுக்கும் துறைகள் உறையையும் அதே கணக்கில் சேர்க்கவேண்டும். நல்ல பணிக்கால உறையின் விலை, அந்தக் கருவியின் விலையில் பெரும்பாலும் பாதிகூட வராது. ஆண்டுதோறும் சுடும் தேர்வு நடக்கும் களத்திலேயே உறையையும் சோதிக்கலாம்: ரவை நீக்கிய துப்பாக்கியை உருவியதும் வாய் திறந்தபடி நிற்கிறதா, சைட்டில் தோல் துணுக்கு ஒட்டியிருக்கிறதா, வாய் விளிம்பை விரலால் அழுத்தினால் உள்ளே மடிகிறதா என்று பார்த்தால் போதும். ஓர் ஆளுக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. தேறாத உறையை அங்கேயே வாங்கி வைத்துக்கொள்ளும் அதிகாரமும் பயிற்றுநருக்கு இருக்கவேண்டும்.