வாயு என்று பெயரிட்டு மறைக்கும் வலி



வலீமா விருந்து உண்டு வந்த இரவில், "நெஞ்சுக்குழிக்குக் கீழே அடைக்கிறது" என்று வீட்டுப் பெண் ஒருவர் சொன்னால் நாம் தரும் விடை பெரும்பாலும் ஒன்றுதான்: "வாயுவாக இருக்கும், ஒரு சோடா குடி."

மேலூரில் வாழும் என் பெரியம்மாவுக்கும் 2 ஆண்டுகள் இதே விடைதான் கிடைத்தது. அவருக்கு 15 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். ரமளான் முடியட்டும், பேத்தியின் நிக்காஹ் முடியட்டும் என்று அவரும் தள்ளிப்போட்டார். ஒரு நள்ளிரவில் காய்ச்சலும் வாந்தியும் கண்டு மதுரைக்குத் தூக்கி வந்தோம். பித்தப்பையில் கற்கள் இருந்தன. பையே அழுகத் தொடங்கியிருந்தது. உரிய காலத்தில் வந்திருந்தால் ஓரிரு நாளில் வீடு திரும்பியிருப்பார். 18 நாள் படுக்கையில் கிடந்தார். பிழைத்தது அல்லாஹ்வின் அருள். தாமதித்தது எங்கள் குற்றம்.

சர்க்கரை நோய்க்கும் பித்தப்பைக் கல்லுக்கும் என்ன தொடர்பு? இன்சுலின் சரிவர வேலை செய்யாத உடலில், கல்லீரல் பித்தநீரில் கொழுப்பை மிகுதியாகக் கலக்கிறது. நாட்பட்ட சர்க்கரையால் நரம்புகள் தளரும்போது பித்தப்பை முழுமையாகச் சுருங்குவதில்லை. தேங்கிய பித்தநீர் மெல்ல மெல்லக் கல்லாகிறது. அதே நரம்புத் தளர்ச்சி வலியையும் மங்கச் செய்துவிடும். ஆகவே சர்க்கரை நோயாளி சொல்லும் சிறு வலியும் சிறிதன்று. மேல்வயிற்று வலி சில வேளைகளில் மாரடைப்பின் அறிகுறியாகவும் இருக்கும். வலியுடன் காய்ச்சலோ கண்ணில் மஞ்சளோ கண்டால் ஒரு மணி நேரமும் காத்திருத்தல் கூடாது.

அதற்காக அஞ்சவும் வேண்டாம். எந்தத் தொல்லையும் தராத கல்லுக்குப் பெரும்பாலும் அறுவை தேவைப்படாது. வலி இருப்பின் ஒரு ஸ்கேன் உண்மையைக் காட்டிவிடும். விரைவில் மெலிய வேண்டும் என்று பட்டினி கிடப்பதும் கல்லை வளர்க்கும் என்பதை நினைவிற்கொள்க.

நம் நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்குச் சர்க்கரை நோய் உள்ளதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் ஆதரவில் நடந்து 2023இல் வெளியான ஆய்வு கூறுகிறது. 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. ஆனால் வலியை வாய்திறந்து சொல்வதும், சொன்னதைச் செவிமடுப்பதும் வீட்டாரின் கடமையல்லவா?

நோயாளி நோன்பை வேறு நாள்களில் நோற்க அல்குர்ஆன் (2:185) சலுகை அளித்திருக்கிறது. இறைவனே சலுகை அளித்திருக்க, வலியைப் பொறுப்பதே ஈமான் என்று நம் அம்மாமார்களுக்கு யார் கற்பித்தது? உடல் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். ஜமாஅத்துகள் நடத்தும் மருத்துவ முகாம்களில் பெண்களுக்கெனத் தனி நேரமும் பெண் மருத்துவரும் வேண்டும். ஆண்கள் இன்றிரவே வீட்டில் கேளுங்கள்: "உங்களுக்கு எங்கேனும் வலிக்கிறதா?" விடை வரும்வரை பொறுமையாக இருங்கள்.

அல்லாஹ் நம் அனைவருக்கும் ஆஃபியத்தைத் தந்தருள்வானாக. ஆமீன்.